பாரில் அடிபட்ட படகு: காப்பீடும் கைகொடுத்தலும்



கடலுக்குச் செல்லும் கணவரையும் பிள்ளைகளையும் பனிமய அன்னையிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் திரும்பும்வரை கரையைப் பார்த்துக் காத்திருப்பது நம் கடற்கரைப் பங்குகளின் அன்றாட வாழ்வு. புயல் வருமென்றால் வானொலி சொல்கிறது, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். ஆனால் தண்ணீருக்கு அடியில் கிடப்பதை யாரும் கூண்டு ஏற்றி அறிவிப்பதில்லை. தெளிந்த வானத்தின் கீழ், அமைதியான கடலில், ஒரு நொடியில் படகின் அடிப்பாகம் பிளந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைப் பங்கு ஒன்றில் நடந்ததை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். நான்கு பேர் ஒரு கண்ணாடியிழை வல்லத்தில் தொழிலுக்குப் போய், அதிகாலையில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நீர் வற்றிய நேரம். எதிர்பாராத இடத்தில் வல்லம் பாரில் மோதியது. ஏராவை ஒட்டி ஓட்டை விழுந்தது, விசிறியும் உடைந்தது. போர்வையையும் சாக்கையும் திணித்து, மாறி மாறித் தண்ணீரை இறைத்து, இன்னொரு வல்லம் கட்டி இழுக்க, நால்வரும் உயிரோடு கரைசேர்ந்தார்கள். கோயிலில் மெழுகுதிரி ஏற்றினார்கள்.

மறுநாள் உரிமையாளர் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தார். அது காலாவதியாகி 19 நாட்கள் ஆகியிருந்தன.

"இன்றைக்கே பணத்தைக் கட்டிப் புதுப்பித்துவிடு. அடுத்த வாரம் மோதியதாகச் சொல். நாங்கள் சாட்சி சொல்கிறோம்" என்று பலர் யோசனை சொன்னார்கள். சொன்னவர்கள் அந்நியர் அல்லர். ஞாயிறுதோறும் நற்கருணை வாங்கும் நம்மவர்களே. அவர்மீது கொண்ட பாசத்தினால்தான் அப்படிச் சொன்னார்கள். அவர் இரண்டு நாள் யோசித்தார். பின்பு, "உயிரோடு கொண்டுவந்து விட்டதற்கு மாதாவுக்கு நன்றி சொன்ன வாயால் பொய் சொல்ல மனம் வரவில்லை" என்று கூறிவிட்டார். அந்த முடிவின் விலை என்ன என்பதைப் பிறகு காண்போம்.

கடலடியில் என்ன இருக்கிறது?

தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. 1986-ஆம் ஆண்டு இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் கடலில் மூழ்கிவிட்டன. நம் முன்னோர் கண்ணால் பார்த்து ஒதுங்கிப் போன தீவு, இன்று கண்ணுக்குத் தெரியாத திட்டாக நீருக்கடியில் கிடக்கிறது.

மனிதர் விட்டுச்செல்வதும் உண்டு. உடைந்த படகுகள், அறுந்த வலைகள், மிதக்கும் மரத்தடிகள் எல்லாம் ஆபத்தே. 2025 மே 25 அன்று கேரளக் கடற்பகுதியில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் குமரி மாவட்டக் கரைவரை வந்து ஒதுங்கியதை நாம் அறிவோம். ஒரு கப்பலின் விபத்து எத்தனையோ ஊர்களின் தொழிலைத் தொடுகிறது.

பவுலடியாரின் கப்பல்

விவிலியத்திலும் இப்படி ஒரு விபத்து உண்டு. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தைக் கடலோர மக்கள் வாசித்தால் அது அவர்களுடைய கதையாகவே இருக்கும். பயணம் வேண்டாம் என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பல் ஓட்டுநரையும் உரிமையாளரையுமே நம்புகிறார். புயலில் கப்பல் பிளந்துவிடாதபடி வடங்களைக் கொண்டு அதைச் சுற்றிக் கட்டுகிறார்கள். சரக்கைக் கடலில் எறிகிறார்கள். நள்ளிரவில் ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம், சற்று நேரத்தில் 15 பாகம். பாறையில் மோதிவிடுவோமோ என்று அஞ்சி நான்கு நங்கூரங்களை இறக்குகிறார்கள். கப்பலோட்டிகள் சிலர் சிறு படகில் தாங்கள் மட்டும் தப்பப் பார்க்கிறார்கள். அவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் யாரும் பிழைக்க முடியாது என்று பவுல் படைவீரரிடம் சொல்கிறார்.

முடிவில் கப்பல் மணல்திட்டில் மோதுகிறது. முன்பகுதி அசையாமல் சிக்கிக்கொள்ள, பின்பகுதி அலையில் உடைகிறது. ஆனால் 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் கரைசேர்கிறார்கள். மால்டா தீவின் மக்கள் தீ மூட்டி அவர்களை வரவேற்கிறார்கள்.

இங்கே கவனியுங்கள். கடவுள் எல்லாரையும் காப்பார் என்ற உறுதியைப் பவுல் பெற்றிருந்தார். ஆனாலும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஆழம் பார்த்தார்கள், நங்கூரம் இட்டார்கள், உணவு உண்டார்கள், ஒன்றாக நின்றார்கள். நம்பிக்கையும் முன்மதியும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல.

மோதிவிட்டால் செய்யவேண்டியவை

1. முதலில் உயிர். எல்லாரும் நலமா என்று பாருங்கள், உயிர்காப்பு அங்கியை அணியுங்கள், இயந்திரத்தின் வேகத்தைக் குறையுங்கள். தண்ணீர் ஏறுகிறதா, எங்கிருந்து ஏறுகிறது என்று தேடுங்கள். உதவிக்குக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும், கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

2. பாறையில் ஏறி நின்றுவிட்டால் பதற்றத்தில் வேகமாகப் பின்னுக்கு இழுக்காதீர்கள். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பாறையாக இருக்கலாம். எவ்வளவு சேதம் என்று பார்த்தபின் நகர்த்துங்கள்.

3. நேரம், ஜி.பி.எஸ். காட்டும் இடம், ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அலைபேசியில் படம் எடுங்கள். அந்த இடத்தை மற்றப் படகுகளுக்கும் சொல்லுங்கள். அடுத்தவர் அதே பாரில் மோதாமல் காப்பதும் பிறரன்பே.

4. கரைக்கு வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாமதமின்றி எழுத்தில் தெரிவியுங்கள். மீன்வளத்துறை அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் தகவல் கொடுத்து அதற்கான சான்றை வாங்கிவையுங்கள்.

5. மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்முன் பழுதுபார்க்கத் தொடங்காதீர்கள். அதற்காகப் படகை அப்படியே மூழ்கவும் விடக்கூடாது. 1963-ஆம் ஆண்டின் கடல்சார் காப்பீட்டுச் சட்டப்படி, இழப்பு பெருகாமல் தடுப்பது காப்பீடு செய்தவரின் கடமை. தண்ணீரை இறைக்கலாம், தற்காலிகமாக அடைக்கலாம், கரையேற்றலாம். அதற்கான ரசீதுகளையும், உடைந்த விசிறி முதலான பாகங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.

பத்திரத்தில் பார்க்கவேண்டியவை

நம் மக்களில் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. மீனவர் குழு விபத்துக் காப்பீடு என்பது ஆளுக்கு உரியது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் விபத்தில் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 5 இலட்சம் ரூபாய் என்று அது வகுக்கப்பட்டது. அதனால் உடைந்த படகுக்கு ஒரு ரூபாயும் வராது. படகுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அதன் பிரீமியத்துக்கு உதவி தருவதும் அதே திட்டத்தில் ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. நம் ஊருக்கு இப்போது என்ன கிடைக்கும் என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

படகுக்குப் பத்திரம் இருந்தாலும் அதைத் திறந்து வாசிக்க வேண்டும். சில பத்திரங்கள் படகு முழுவதும் அழிந்தால் மட்டுமே பணம் தரும். அடியில் விழுந்த ஓட்டை அதற்குள் வராது. பகுதிச் சேதமும் அடங்குமா, இயந்திரமும் வலையும் சேர்ந்துள்ளனவா, நம் கையிலிருந்து போடவேண்டிய முதல் தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பிரீமியத்தைக் குறைக்க, 10 இலட்சம் மதிப்புள்ள படகை 5 இலட்சத்துக்குக் காப்பீடு செய்தால், 2 இலட்சம் செலவாகும் பழுதுக்குப் பாதிதான் கிடைக்கக்கூடும். மீதிப் பாதிக்கு நாமே காப்பீட்டாளர் என்று கருதப்படுவோம்.

பழைய தேய்மானம், துரு, உளுத்த பலகை இவற்றுக்குக் காப்பீடு பொறுப்பேற்பதில்லை. படகு கடலுக்குத் தகுதியற்றது என்று தெரிந்தே அனுப்பி, அதனால் சேதம் நேர்ந்தால், கோரிக்கை நிற்காது. பதிவுச் சான்றிதழ், மீன்பிடி உரிமம் ஆகியன காலாவதியாகாமல் இருக்கவேண்டும்.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் மனம் தளரவேண்டாம். முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். சென்னையில் அவருடைய அலுவலகம் உள்ளது. தனிநபர்களும் மிகச்சிறு தொழில் செய்வோரும் கட்டணமின்றி, வழக்கறிஞர் இன்றி அங்கே முறையிடலாம்.

மேற்பூச்சு போதாது

கண்ணாடியிழைப் படகு மோதியபின் வெளியே ஒரு கீறல் மட்டும் தெரியலாம். உள்ளே அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும். அனுபவமுள்ளவர்கள் சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ தட்டிப் பார்ப்பார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். அந்த மந்தமான இடம் முழுவதையும் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, ஈரம் முற்றிலும் காயவிட வேண்டும். ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல், அடிப்பாகத்தின் கனத்தைப்போல் ஏறக்குறைய 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அதன்மேல் இழைப்பாயும் ரெசினும் அடுக்கடுக்காக வைக்கவேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டியது நிலைக்காது. வெறும் பட்டி பூசி வண்ணம் அடித்தால், அடுத்த பெரிய அலையில் அது திறந்துகொள்ளும்.

மரப்படகாயின் ஏராவிலும் பலகைகளின் இணைப்பிலும் ஆணிகளிலும் அசைவு உண்டா என்று ஓடாவியைக் கொண்டு பார்த்து, மீண்டும் கலப்பத்து அடிக்கவேண்டும். விசிறித் தண்டு வளைந்துள்ளதா, சுக்கான் தளர்ந்துள்ளதா என்பதையும் பாருங்கள். படகைக் கடலில் இறக்கியபின், தண்டும் இயந்திரமும் நேர்கோட்டில் உள்ளனவா என்று மறுபடியும் சரிபார்க்க வேண்டும். கரையில் நிற்கும் படகும் தண்ணீரில் மிதக்கும் படகும் வடிவில் சிறிது மாறுபடும்.

நம் ஒப்புரவு அருள்சாதனத்தையும் இங்கே நினைத்துக்கொள்வோம். பாவத்தின்மேல் வண்ணம் பூசி மறைப்பது எளிது. மந்தமாக ஒலிக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, நல்ல பகுதி வரும்வரை தேய்த்தெடுப்பது வலிக்கும். ஆனால் அதுதான் நிலைக்கும்.

உண்மையின் விலை

நாம் தொடக்கத்தில் சொன்ன சகோதரருக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கவில்லை. மனைவியின் நகை அடகுக்குப் போனது. வல்லம் பல வாரங்கள் கரையில் கிடந்தது. கடனை அடைக்க இரண்டு ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. பொய் சொல்லாததற்குக் கடவுள் உடனே பரிசளித்தார் என்று நாம் சொல்லமாட்டோம், ஏனெனில் அப்படி நடக்கவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. அவரோடு தொழில் செய்த மூவரையும் மற்ற உரிமையாளர்கள் முறைவைத்துத் தங்கள் வல்லங்களில் ஏற்றிக்கொண்டு பங்கு கொடுத்தார்கள். பழுதுபார்த்தவர் கூலியைத் தவணையில் வாங்கிக்கொண்டார். அன்பியக் குடும்பங்கள் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தன. பொய்ச்சாட்சி சொல்ல முன்வந்தவர்களே, ஓட்டையைத் தேய்க்கவும் வல்லத்தைத் தள்ளவும் தோள்கொடுத்தார்கள். பாசம் சரியான வழியைக் கண்டுகொண்டது.

அப்போதுதான் நமக்கு உறைத்தது. திருவிழாக் கொடிமரத்துக்கும் அலங்காரத்துக்கும் வீடுவீடாகச் சென்று வரி கேட்டோம். யாருடைய காப்பீடு எப்போது முடிகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது அந்தப் பங்கில் ஒவ்வோர் அன்பியமும் ஒரு குறிப்பேடு வைத்துள்ளது. படகு உரிமையாளரின் பெயர், பத்திரம் முடியும் நாள் எல்லாம் அதில் உண்டு. ஒரு மாதம் முன்பே நினைவூட்டுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போதே பத்திரங்களையும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து, விழுந்த ஒருவரைத் தூக்கிவிடுவதே காப்பீட்டின் அடிப்படை. ஒருவர் சுமையை மற்றவர் தாங்கவேண்டும் என்று பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியதும் இதைத்தானே. அப்பொதுப் பணத்தில் பொய் சொல்லி எடுப்பது, இன்னொரு மீனவரின் பங்கை எடுப்பதாகும். கடலில் கிடைத்ததைப் பிரிப்பதையும் பங்கு என்கிறோம், நாம் கூடி வழிபடும் திருச்சபைக் குடும்பத்தையும் பங்கு என்கிறோம். இரண்டிலும் ஒருவர் விடுபட்டால் கணக்குச் சரியாகாது.

சிந்தனைக்கு

நம் வீட்டுப் படகின் காப்பீடு எந்த நாளில் முடிகிறது என்று நமக்குத் தெரியுமா? நம் அன்பியத்தில் படகு உடைந்து கரையில் கிடக்கும் குடும்பம் உண்டா? அந்தப் படகை நம்பியிருந்த கூலித் தொழிலாளர்களை நாம் நினைத்துப் பார்த்தோமா?

மன்றாடுவோம்

கடலின்மேல் நடந்து வந்து சீடரின் அச்சம் தீர்த்த ஆண்டவரே, நாங்கள் காணாத பாறைகளை நீர் காண்கிறீர். தொழிலுக்குச் செல்வோரைக் காத்தருளும். இழப்பு வந்தாலும் உண்மையை இழக்காத உள்ளத்தையும், ஒருவர் உடைந்தால் எல்லாரும் சேர்ந்து தூக்கிவிடும் மனத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.