கடாரம் போக ஒரு படகு

“அதுல கக்கூஸ் இருக்குமா?”

பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றிவரலாம் என்று நான் சொல்லி முடித்ததும் பெரியப்பா கேட்டது இவ்வளவுதான். முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர். வண்டி எத்தனை மணிக்கு, பெர்த் மேலா கீழா, கக்கூஸ் எத்தனை என்ற மூன்றும் தெரியாமல் வீட்டுப்படி இறங்கமாட்டார். நான்கு அறை, அறைக்கு ஒன்று என்றேன். “அப்ப சரி. மத்ததைப் பேசு” என்றார்.

பேச்சு நடந்த இடம் திருவாலங்காடு. சென்னையிலிருந்து அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் மணவூர் தாண்டினால் எங்கள் ஸ்டேஷன். சுற்றிலும் கரும்பு, கரும்பை அரைக்க ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை. கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் ஓடினால் அது எண்ணூரில் போய்க் கடலைப் பார்க்கும். நாங்கள் பார்ப்பதில்லை. கடல் சம்பந்தமாக எங்களுக்குத் தினசரி கண்ணில் படுவது ஒன்றே ஒன்று, அதுவும் தலைக்கு மேலே. அரக்கோணத்தில் 1992 முதல் இருக்கும் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து கிளம்பும் கடற்படையின் பி-8ஐ விமானங்கள். வங்கக் கடலைக் காவல் காக்கப் போகிறவை.

இப்படிப்பட்ட ஊருக்குப் பாய்மரப் படகு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அது செம்பில் எழுதியது.

1905-ல் இந்த ஊரில் ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. 31 ஏடுகள். வளையத்தில் கோத்து, சோழ முத்திரை குத்தியது. அதன் தமிழ்ப் பகுதி, முதலாம் ராஜேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில் பக்கத்துப் பழையனூரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த விவரத்தைச் சொல்கிறது. எல்லை, வரி, வாய்க்கால் என்று ஒரு தாசில்தார் ஆபீஸ் ஆவணம் போலவே இருக்கும். வடமொழிப் பகுதியோ பிற்பாடு எழுதிச் சேர்த்தது. அதனால்தான் 1025-இல் நடந்த கடாரப் படையெடுப்பும் அதில் இடம்பிடித்தது. 271 சுலோகங்கள். சோழ வம்சத்துக்குச் சூரியனில் தொடங்கி வாரி இறைத்த கவிஞர், கடல் கடந்து கடாரம் வென்றதை ஒரே ஒரு சுலோகத்தில் முடித்துவிட்டார். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

விவரம் வேண்டுமென்றால் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீவிஜயத்தில் தொடங்கிக் கடாரத்தில் முடியும் 13 ஊர்ப் பெயர்கள் அங்கே வரிசையாக வருகின்றன. அகழி உள்ள ஊர், மதில் காவல் உள்ள ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடைமொழி. ராஜா சூறையாடிய ஊர்கள் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் சுற்றுலா நோட்டீஸ் மாதிரியே இருக்கும். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு இடத்தைப் பிடிப்போம் என்பதுதான் என் திட்டம்.

முதலில் ஆசைப்பட்டது மாநக்கவாரம், அதாவது நிக்கோபார். நம் நாட்டுத் தீவு, பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் நிக்கோபார் தீவுகள் பழங்குடிகளுக்கானவை. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உல்லாசப் பயணிக்கு அங்கே இடமில்லை. அது சரியான சட்டம் என்பதே என் கட்சி. ஆயிரம் வருஷத்துக்கு முன் கூப்பிடாமல் போனது போதும். அந்தமானுக்குப் போகலாம், போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயரும் மாற்றிவிட்டார்கள். ஆனால் படகிலேயே படுத்து எழுந்து தீவு தீவாகப் போக வாடகைப் படகு வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்க நாலு படகாவது இருக்கிற கரையாகப் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் லங்காவி வந்தது. மலேசியாவின் வடமேற்கு மூலையில் 99 தீவுகள். வற்றம் வந்து தண்ணீர் இறங்கினால் 104 என்பார்கள். 1987 முதல் வரியில்லாத் தீவு, 2007-இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா. மேல்நாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து தங்கும் துறைகள் மூன்று நான்கு உண்டு. இத்தனையையும் விட என்னை இழுத்த விஷயம் வேறு. லங்காவி இருக்கும் மாநிலத்தின் பெயர் கெடா. நம் கடாரம்.

“அப்ப நாம கடாரங்கொண்டானா?” என்றான் சித்தப்பா பையன். அவனுக்கு அது விக்ரம் படம்.

இனி காலம் பார்க்கிற விஷயம். குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் நமக்கு மே மாதம்தான். பள்ளிக்கூடம் லீவு, மாம்பழம், கல்யாண முகூர்த்தம் எல்லாம் அதில்தான். லங்காவிப் பக்கம் போகிற பாய்மரக்காரனுக்கு மே ஆகாது. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் சமயம். திறந்த கடலிலிருந்து அலை நேராக வந்து மேற்குக் கரையில் மோதும், மழையும் சேரும். செப்டம்பர், அக்டோபர் இன்னும் மோசம். டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். அப்போது அடிப்பது நம் ஊரில் போர்வை தேட வைக்கிற அதே வாடைக்காற்று. மலாய்த் தீபகற்பத்தின் நடுவே ஓடும் மலைத்தொடர் மழையை அந்தப் பக்கமே வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கம் காற்று வரும், அலை வராது. பாய் விரிக்க இதைவிட என்ன வேண்டும்?

பழைய கப்பல்காரர்களுக்கு இதெல்லாம் கணக்கு. கச்சானிலும் சோழகத்திலும் கிழக்கே போய், அங்கே காத்திருந்து, வாடை திரும்பியதும் ஊர் திரும்புவார்கள். காற்றுக்கு லீவு கேட்டார்களே தவிர லீவுக்குக் காற்றைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் தேதி குறிக்க மூன்று வாரம் ஆயிற்று. டிசம்பர் கடைசி என்றால் திருத்தணி படித் திருவிழா; 365 படிக்கும் பூஜை நடக்கிற அன்று பெரியம்மா கடலில் இருக்கமாட்டார். மார்கழித் திருவாதிரை என்றால் சொல்லவே வேண்டாம், இது ரத்தின சபை இருக்கிற ஊர். போதாக்குறைக்குக் கிறிஸ்துமஸ் வாரத்தில் படகு வாடகையும் உச்சத்தில் இருக்கும். கடைசியில் பொங்கல் கழித்து, தை மாதம் என்று முடிவாயிற்று. தைப்பூசம் வந்தால் பினாங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியம்மாவைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

படகில் இரண்டு ஜாதி. ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே ஓடும். பழகியவர்களுக்கு அதுதான் சுகம், பழகாதவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் வயிறு புரளும். இரட்டை உடல் படகு சாயாது. மேஜையில் காபி டம்ளர் வைத்தால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம். அதற்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் கேட்டமரான். நம் கட்டுமரம்தான். 1690-களில் இந்தக் கரைக்கு வந்துபோன ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் தன் பயண நூலில் அந்தச் சொல்லை எழுதி வைத்திருக்கிறார். நாலு மரத்தைக் கயிற்றால் கட்டிய நம் மீனவரின் கலமும், நான்கு படுக்கையறையும் ஃப்ரிட்ஜும் வைத்த இந்த வெள்ளைப் படகும் ஒன்றா என்றால், இல்லை. பெயர் மட்டும் நம்முடையது. வாடகை வாங்கும்போது அதற்குத் தள்ளுபடி எதுவும் தரமாட்டார்கள்.

வாடகையிலும் வகை உண்டு. வெறும் படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டுவது ஒன்று. அதற்குச் சர்வதேசச் சான்றிதழ் கேட்பார்கள், எத்தனை கடல்மைல் ஓட்டியிருக்கிறாய் என்றும் கேட்பார்கள். கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குச் சென்னைத் துறைமுகத்தில் 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. கடல் இல்லாத ஊர்க்காரனுக்கு இது வருமா என்று யாராவது சிரித்தால், டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரம் செலுத்திய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர் என்று சொல்லுங்கள். நமக்கு ஒரு வாரச் சந்தோஷம்தான் வேண்டும் என்றால் படகோட்டும் தலைவரோடு சேர்த்துப் படகை எடுப்பதே புத்தி. நங்கூரம் எங்கே பிடிக்கும், எந்தப் பாறை வற்றத்தில் தலைகாட்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு சிக்கல். அவரும் மனிதர், அவருக்கும் படுக்கை வேண்டும். நான்கு அறை, எட்டுப் பேர் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஒரு அறை அவருக்குப் போனது. சித்தப்பா பையன் ஹாலில் சோபாவில் படுப்பதாக ஒப்புக்கொண்டான், விக்ரம் மாதிரி.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம் அனுபவத்தில் சொல்கிறேன். சில வருஷம் முன் வேறொரு கடற்கரை ஊரில், பெயர் வேண்டாம், ஒரு ஏஜென்டிடம் “பாய்மரப் பயணம்” என்று பணம் கட்டினேன். போய்ப் பார்த்தால் ஸ்பீக்கர் அலற, அறுபது பேரை ஏற்றிக்கொண்டு இன்ஜினில் ஓடும் படகு. பாய் மரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தது, வேட்டியைத் துவைத்துக் காயப்போட்ட மாதிரி. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டேன். படகு எந்த வருஷம் கட்டியது, இரவு தங்கலாமா, டீசல் வாடகையில் சேருமா, தலைவர் சம்பளமும் சாப்பாடும் யார் செலவு, முன்பணம் எவ்வளவு, கீறல் விழுந்தால் அதில் எவ்வளவு பிடிப்பீர்கள், காற்று மோசமானால் தேதி மாற்றித் தருவீர்களா, குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் உண்டா. சமையல்காரர் முதற்கொண்டு ஆட்களோடு வரும் பெரிய படகுகளில், வாடகைக்கு மேல் பொதுவாக 25 முதல் 35 சதவீதம் வரை மளிகைக்கும் டீசலுக்குமென்று தனியாக முன்கூட்டி வாங்குவார்கள்; மிஞ்சினால் திருப்பித் தருவார்கள். விலைப்பட்டியலில் முதலில் தெரிவது வாடகை மட்டும்தான். நம் இன்சூரன்ஸில் கடல் பயணத்துக்கு இடம் உண்டா என்றும் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

விமானம் பெரிய விஷயமில்லை. கோலாலம்பூர் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேராக விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. இந்தியர்களுக்கு விசா விலக்கை 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். அதற்குப் பின் போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். வருகைப் படிவத்தை மட்டும் முன்பே இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். பினாங்கிலிருந்து சாலை வழியே வடக்கே போய்ப் புஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தில் ஒரு அரை நாள் செலவிட எண்ணம். பழைய கடாரத்தின் கோயில் அடித்தளங்கள் அங்கேதான் இருக்கின்றன. பின்னால் 1,217 மீட்டர் உயரத்தில் ஜெராய் மலை; வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு முதலில் கண்ணில் பட்ட அடையாளம். அப்புறம் கோலக் கெடா போய்ப் படகேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் லங்காவி.

தீவுகளுக்கு நடுவே தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். படகின் வேகம் மணிக்கு ஐந்தாறு கடல்மைல், சைக்கிள் மிதிக்கிற வேகத்துக்கும் குறைவு. தாயாங் பந்திங் தீவில் நடுவே நன்னீர் ஏரி, கடலிலிருந்து ஏறிப் போய்க் குளிக்கலாம். வடகிழக்கே கிலிம் ஆற்று அலையாத்திக் காடும் சுண்ணாம்புப் பாறைகளும். வடமேற்கே தாய்லாந்தின் லீப்பே தீவு ஆசை காட்டும், ஆனால் அது நாடு மாறுகிற விஷயம், குடிநுழைவுத் துறையில் ஒரு நாள் போய்விடும். தரையில் மசூரியின் சமாதியைப் பார்க்காமல் வரக்கூடாது. பொய்ப் பழி சுமத்திக் கொல்லப்பட்டவள், வெள்ளை ரத்தம் சிந்தி ஏழு தலைமுறைக்குத் தீவைச் சபித்தவள் என்று கதை. பழையனூர் நீலியை அறிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவள் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர்தான் கடைசிப் பஞ்சாயத்து. படகில் 600 லிட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். தலைவரோடு ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு வாளி, பதினைந்து லிட்டர் என்றாலே குளியலுக்கு மட்டும் தினம் 135 லிட்டர் போய்விடும். சமையல், பாத்திரம், கக்கூஸ் கணக்கெல்லாம் தனி. எனவே கடலில் குளித்து எழுந்து, நல்ல தண்ணீரில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொள்வது என்று சட்டம். பெரியம்மா முகம் சுளித்தார். பிறகு, லாரி தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற கோடைகளை அவரே நினைவுபடுத்தி, இது என்ன பெரிய விஷயம் என்றார்.

குமட்டலுக்கு மாத்திரை கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பின் போட்டால் அதுவும் சேர்ந்து வரும். சுக்கு மிட்டாய் எடுத்துக்கொண்டாயிற்று. இட்லி மாவுதான் தகராறு. ஈரக் காற்றிலும் அந்த வெயிலிலும் அரைத்த மாவு ராத்திரிக்குள் பொங்கி வழிந்துவிடும், ஃப்ரிட்ஜில் இடமும் கிடையாது என்று பெரியம்மா இரண்டு நாள் யோசித்தார். ரவையை வறுத்து எடுத்துக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது, மூன்று கிலோ.