உங்களுக்குத் தெரியுமா? பிரேக் ஆயில் தண்ணீர் குடிக்கும்!

பெங்களூரு–சேலம் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் நீண்ட இறக்கமாக இறங்குகிறது. ஷெட்டில் பல வருடம் நின்ற பழைய அம்பாசிடரை அங்கே இறக்கும்முன் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுங்கள்.

● இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தில், புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சுமார் 4 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அது 140 வரை இறங்கலாம்.

● இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் தரை தட்டும், வண்டி நிற்காது!

● வீல் சிலிண்டர் ரப்பர்களையும் மாற்றுங்கள். பிறகு, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, டியூபில் குமிழி நிற்கும்வரை காற்றெடுங்கள்.

● இறக்கத்தில் சின்ன கியர்தான் துணை. நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.