விற்பனையில் பங்கா, லாபத்தில் பங்கா?

தொழில் நடத்துபவர்கள் பணக்காரர்கள் முன் நின்று மூலதனம் கேட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை நம் வணிகர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். 2001-இல் ஜப்பானில் தொடங்கி, 2005-இல் இங்கிலாந்தில் 'டிராகன்ஸ் டென்', 2009-இல் அமெரிக்காவில் 'ஷார்க் டேங்க்' என்று பரவி, 2021 டிசம்பரில் இந்தியாவுக்கும் வந்தது. அங்கே "பத்து சதவீதம்" என்று ஒருவர் சொன்னால், எதில் பத்து சதவீதம் என்று கவனிக்க வேண்டும்.

2013-இல் அமெரிக்க நிகழ்ச்சிக்கு ஜேமி சிமினாஃப் என்பவர், கேமரா பொருத்திய அழைப்பு மணியுடன் வந்தார். 10 சதவீதப் பங்குக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். கம்பெனியின் மதிப்பு 70 லட்சம் டாலர் என்பது அவர் கணக்கு. மற்றவர்கள் விலகிக்கொள்ள, கெவின் ஓ'லியரி மட்டும் முன்வந்தார். அவர் தருவதாகச் சொன்னது கடன். அது அடையும் வரை விற்பனையில் 10 சதவீதம். அடைந்த பிறகும் விற்பனையில் 7 சதவீதம். போதாததற்குக் கம்பெனியில் 5 சதவீதப் பங்கு! சிமினாஃப் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்.

ஏன் என்பது நம் கடைக் கணக்கில் பார்த்தால் விளங்கும். சாம்பார் பொடி அரைத்து மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்கிறீர்கள். மிளகாய், மல்லி, அரைவைக் கூலி, பாக்கெட், வாடகை எல்லாம் போக 6,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபத்தில் 7 சதவீதம் என்றால் கொடுக்க வேண்டியது 420 ரூபாய். விற்பனையில் 7 சதவீதம் என்றால் 7,000! மிஞ்சியது முழுவதும் போய், கைக்காசு 1,000 வேறு போட வேண்டும். மிளகாய் விலை ஏறி லாபமே இல்லாத மாதத்திலும் அவருக்கு உரியது குறையாது.

ஓ'லியரியை ஏமாற்றுக்காரர் என்று சொல்வதற்கில்லை. நிபந்தனையை வெளிப்படையாகத்தான் சொன்னார். லாபத்தைச் செலவு எழுதிக் குறைத்துக் காட்டலாம், விற்பனையை மறைப்பது கடினம் என்பது பணம் போடுபவருக்குத் தெரியாதா? ஆனால் ஆடிட்டரைக் கலக்காமல், விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே பதில் சொல்ல வேண்டியிருப்பது சிறு தொழில் செய்பவருக்குப் பாதகம்தான். மேடையில் கைகுலுக்கிய பிறகும் கணக்குகளைச் சோதித்தே பணம் தருவார்கள். அப்போது பேரம் முறிவதும் உண்டு.

இன்னொரு சங்கதி திரையில் தெரியாதது. முதலீடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நிகழ்ச்சியில் தோன்றியதற்காகவே கம்பெனியில் 5 சதவீதப் பங்கோ 2 சதவீத ராயல்டியோ பெறும் உரிமையைத் தயாரிப்பாளர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். சந்தைக்குள் வண்டி நுழைந்ததற்கே சரக்கில் பங்கு கேட்பது போன்றது இது. நல்ல தொழில்கள் வரத் தயங்கும் என்று முதலீட்டாளர்களில் ஒருவரான மார்க் கியூபனே எதிர்த்து, விலகிவிடுவதாகச் சொன்ன பிறகு, 2013-இல் அதை நீக்கினார்கள்.

சிமினாஃபின் அழைப்பு மணிக்குப் பிறகு 'ரிங்' என்று பெயர் மாறியது. 2018-இல் அமேசான் அந்தக் கம்பெனியை வாங்கியது. விலை நூறு கோடி டாலர் அளவு என்று பத்திரிகைகள் எழுதின. பேரத்தை மறுப்பவர் எல்லோருக்கும் அப்படி அமையும் என்பதில்லை. அதே ஆண்டு அவர் அதே நிகழ்ச்சிக்கு மறுபடியும் வந்தார், இந்த முறை முதலீட்டாளர் நாற்காலியில் உட்கார.