பேரல் விடும் மூச்சு

ஏற்காட்டிலிருந்து ஒரு காபித் தோட்டக்காரர் கேட்கிறார்: "ஜெனரேட்டரின் டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தைத் திறந்தால் மாதாமாதம் அரை டம்ளர் தண்ணீர். பங்கில் பிடித்துப் பேரலில் ஊற்றும்போது டீசல் தெளிவாகத்தான் இருக்கிறது. மலை மூட்டம் உள்ளே புகுந்துவிடுகிறதா? டீசலில் ஊற்ற ஒரு டானிக் விற்கிறார்கள், வாங்கலாமா?"

டானிக் இருக்கட்டும். முதலில் மூட்டத்தை விடுதலை செய்துவிடலாம். 20 டிகிரியில், ஈரம் முழுக்க ஏறிய 100 லிட்டர் காற்றில் இருக்கும் தண்ணீர் 2 கிராம்கூட இல்லை. பாதி காலியான 200 லிட்டர் பேரலுக்குள் ஒரு நாளில் போய்வரும் காற்றோ சுமார் 5 லிட்டர்தான். அதில் வருவது ஓரிரு சொட்டு. மாதம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி தேறாது. அப்படியானால் அரை டம்ளர்?

அந்த 5 லிட்டரில்தான் விஷயம் இருக்கிறது. வெயிலில் நிற்கும் பேரல் 20 டிகிரியிலிருந்து 35-க்குச் சூடேறினால், உள்ளிருக்கும் காற்றில் இருபதில் ஒரு பங்கு திருகுமூடியின் இடுக்கு வழியே வெளியேறும். சாயங்காலம் மழை. பேரலின் மேல்தகட்டைச் சுற்றி விளிம்பு இருப்பதால் அது ஒரு தாம்பாளம். ஒரு சென்டிமீட்டர் தேங்கினாலே இரண்டரை லிட்டர். மூடி அந்தக் குளத்துக்குள் மூழ்கிவிடும். இரவில் மலை குளிர்கிறது. பேரல் மூச்சை உள்ளே இழுக்கிறது. வாயருகே இருப்பது காற்றல்ல, தண்ணீர்.

சூடாக அடைத்த டிபன் பாக்ஸ் மதியம் திறக்க வராமல் அடம்பிடிக்குமே, அதே இழுவை. அந்த மூடி மேல் ரசம் தேங்கியிருப்பதாகவும், வாஷர் கிழிந்திருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கட்டிய தயிர்சாதம் மதியம் ரசசாதமாகியிருக்கும். (தயிர்சாதத்தை யார் சூடாக அடைத்தது என்று கேட்காதீர்கள். உவமையும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.)

ஏற்காடு ஏரியின் கால்மிதிப் படகுக்கு இந்தக் கவலை இல்லை. கடலில் உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். டேங்க் பாதி காலி, மூடி மேல்தளத்தில் என்றால் பேரலின் கதைதான். உள்ளே இறங்கிய தண்ணீர் கனமாதலால் அடியில் தங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை குடித்தனம் வைக்கும்: குடிக்கத் தண்ணீர் கீழே, தின்ன டீசல் மேலே. தடை முடிந்து படகு முதல் அலையில் ஆடும்போது, அடியில் படிந்த வழுவழுப்பெல்லாம் கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் நடுக்கடலில் நிற்பதற்கு இது போதும்.

வரலாற்றுக்கு ஒரு பத்தியாவது வேண்டும் என்பது சம்பிரதாயம். ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1897-இல் ஒழுங்காக ஓடியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினுக்குக் கடலை எண்ணெயைக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஓடியது. கொடுத்ததைத் தின்ற அந்தப் பிள்ளை வளர்ந்து சாப்பாட்டில் குறை சொல்லும் ஆளாகிவிட்டது. இன்றைய காமன் ரெயில் வகை இன்ஜினில் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 1,500 பாருக்கு மேல். உள்ளே உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடைவெளி சில மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன்.

அதனால்தான் தண்ணீரை வழியிலேயே பிடிக்க ஃபில்டர். கிண்ணத்தில் தண்ணீர் சேர்வது ஃபில்டரின் தோல்வி அல்ல, உழைப்பு. நீர் பிரிக்கும் ஃபில்டரின் காகிதத்தில் நீர் ஒட்டாது. சேப்பங்கிழங்கு இலையில் போலத் துளிகள் உருண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்துக் கீழே இறங்கும். அடிக்குழாயைத் திறந்து வடித்துவிட வேண்டியது நம் வேலை. ஃபில்டர் மாற்றும்போது ஒரு தவறு சகஜம்: பம்புக்கு முன்னால் இருக்கும் புதிய இரண்டாம் ஃபில்டரின் நடுத்துளையில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவது. நடுத்துளை வடிகட்டி முடித்த பக்கம். அங்கே ஊற்றிய அழுக்கு நேராகப் பம்புக்குப் போகும். கைப்பம்பை அடித்து நிரப்பி, ஏர் எடுப்பதே சரி. கொஞ்சம் கை வலிக்கும்.

இனி டானிக். பூஞ்சையைக் கொல்லும் மருந்து உண்மையிலேயே உண்டு. ஆனால் செத்த பூஞ்சையும் ஃபில்டரைத்தான் அடைக்கும், தண்ணீரும் அங்கேயே இருக்கும்.

ஏற்காட்டு அன்பருக்கு என் மருந்து ஒரு செங்கல். பேரலின் ஒரு பக்கத்து அடியில் அதை வையுங்கள். பேரலின் இரண்டு மூடிகளும் எதிரெதிரே இருக்கும். இரண்டும் சரிவின் நடுமட்டத்தில் வருமாறு பேரலைத் திருப்பி நிறுத்துங்கள். மழைநீர் தாழ்ந்த ஓரத்தில் தேங்கட்டும். பேரல் தாராளமாக மூச்சு விடட்டும். உள்ளே போவது வெறும் காற்று, கூடவே நாம் ஏற்கெனவே மன்னித்துவிட்ட மூட்டம்.