கூரை இடிந்து விழுவதல்ல, எழுந்து பறப்பதே நமக்குள்ள ஆபத்து

ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கேள்வி: "காக்கா, கோழிக் கொட்டில் ஒன்று போடப் போறன். அறுநூறு சதுர அடிக்குத் தகடு என்ன விலை போகும்?" நாங்களும் கணக்குப் பார்த்து விலை சொல்லி விடுவோம். கொட்டில் எந்த ஊரில், வெட்ட வெளியிலா தோப்புக்குள்ளா என்று நான் பல வருடங்களாகக் கேட்டதே இல்லை. என்னிடம் தகடு வாங்கிய ஒருவரின் கொட்டில் கூரை, ஒரு மாரிகாலத்தில் மரத்தோடு பெயர்ந்து பக்கத்து வயலில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். தகட்டில் பிழை இல்லை. பிடிமானத்தில்தான் பிழை.

கூரைக்கு வரும் பாரம் இரு வகைப்படும். கீழ்நோக்கி அழுத்துவது ஒன்று. மேல்நோக்கி இழுப்பது மற்றது.

கீழ்நோக்கிய பாரம் நமது நாட்டில் பெரிதல்ல. மெல்லிய தகடும் மரமும் சேர்ந்து சதுர மீற்றருக்குச் சுமார் 15 கிலோ வரும். அதற்கு மேல், பழுது பார்க்க ஏறுபவர் போன்ற தற்காலிகப் பாரத்துக்காகச் சதுர மீற்றருக்கு 25 கிலோ அளவை நமது பொறியியலாளர்கள் பொதுவாக எடுப்பார்கள். பனி விழும் பிரித்தானியாவில் இது குறைந்தது 60 கிலோ. ஆனால் கூரை மரத்தில் தண்ணீர்த் தாங்கியை ஏற்றினால் கணக்கே மாறிவிடும். 500 லீற்றர் தண்ணீர் என்பது 500 கிலோ.

மேல்நோக்கி இழுப்பது காற்று. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்போது நான் சிறுவன். அந்த அழிவின் பின்னர், 1980இல் பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான கையேடு ஒன்றை அரசு வெளியிட்டது. அது நாட்டை 3 காற்று வலயங்களாகப் பிரித்தது. சாதாரண கட்டடங்களுக்குக் கிழக்குக் கரையோரம் அடங்கும் 1ஆம் வலயத்தில் வினாடிக்கு 49 மீற்றர் வேகமும், கொழும்பு அடங்கும் 3ஆம் வலயத்தில் 33 மீற்றரும் எடுக்க வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே நமது கரையோரத்தில் அழுத்தம் கொழும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். கொழும்பில் நிற்கும் கொட்டிலின் படத்தைக் கொண்டுவந்து இங்கே கட்டுவது ஆபத்து என்பது இதனால்தான்.

ஒரு பருமட்டான கணக்கு. வெட்ட வெளியில் நிற்கும் பதிவான கொட்டிலுக்கு 1ஆம் வலயத்தில் மேலிழுவை சதுர மீற்றருக்குச் சுமார் 100 கிலோ. 30 அடிக்கு 20 அடிக் கொட்டில் ஏறக்குறைய 56 சதுர மீற்றர். இழுப்பது 5,600 கிலோ. கூரையின் சொந்தப் பாரமோ 840 கிலோதான். மீதி 4,700 கிலோவைத் தூண்கள் பிடித்து வைக்க வேண்டும். 12 தூண்கள் என்றால் தூணுக்கு 390 கிலோ, அதாவது ஏறத்தாழ 8 சீமெந்துப் பைகள். ஒரு பக்கம் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து மேலும் தள்ளும். விளிம்புகளிலும் மூலைகளிலும் இழுவை இன்னும் அதிகம்.

"ஆட்கள் இருக்காத கட்டடம்தானே" என்பார்கள். அதில் ஓரளவு நியாயம் உண்டு. பிரித்தானியாவின் பி.எஸ். 5502 நியமம் விவசாயக் கட்டடங்களை, எத்தனை பேர் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பார்கள், எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று பார்த்து 4 வகுப்புகளாகப் பிரிக்கிறது. ஆட்கள் குறைந்த கட்டடத்துக்குச் சுமையைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் அதைக் கணக்கிட்டுக் குறைக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கூரை பறந்தால் கோழியும் நெல்லும் போகும்; வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

ஆகவே தகட்டில் விலை பேசுங்கள், பிடிமானத்தில் பேசாதீர்கள். விளிம்புகளில் ஆணிகளை நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். கைமரத்தை வளையோடும், வளையைத் தூணோடும் இரும்புப் பட்டியால் கட்டுங்கள். தூணை வெறும் மண்ணில் நடாதீர்கள். 2 அடி நீள, அகல, உயரமுள்ள கொங்கிரீட் அடித்தளம் 500 கிலோவுக்கு மேல் வரும். பெரிய களஞ்சியம் என்றால் பாஸை மட்டும் நம்பாமல் ஒரு பொறியியலாளரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி ஒரு கூரையின் விலையைவிடக் குறைவுதான்.