வருத்தம் என்னுஞ் சொல்

துயரைக் குறிக்குஞ் சொற்கள் தமிழிற் பல. துன்பம், இடர், அல்லல், இடும்பை என்பன அவற்றுட் சில. நாடோறும் மக்கள் வாயில் வழங்கும் வருத்தம் என்பதன் பொருளை ஈண்டு ஆராய்வாம்.

வருந்து என்பது தன்வினை. வருத்து என்பது அதன் பிறவினை. பொருந்து என்பதினின்று பொருத்தம் பிறந்தாற்போல, வருந்து என்பதினின்று வருத்தம் பிறந்தது. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் அஃது உடம்பின் உழைப்பைக் குறிக்கின்றது. ஆண்டு மனத்துயரென்று பொருள் கொள்வார், முயற்சியைப் போற்ற வந்த குறளின் கருத்தையே இழப்பர்.

இந்நாளில் தமிழ்நாட்டார் இச்சொல்லை மனத்துயருக்கே பெரிதும் வழங்குவர். 'அவருக்கு என்மேல் வருத்தம்' என்புழி அது மனக்குறையாம். யாழ்ப்பாணத்தாரோ நோயையும் வருத்தம் என்பர். நோயாளியை வருத்தக்காரர் என்பர். உடலும் உள்ளமும் ஒன்றன் நோவை ஒன்று பற்றி நிற்றலின், ஒரு சொல்லே இரண்டற்கும் பொருந்துவதாயிற்று.

இவ்வேறுபாடு அறியாவழி ஏதமும் உண்டாம். 'ஐயாவுக்கு வருத்தம்' என்று யாழ்ப்பாணத்தினின்று ஒருவர் எழுத, தமிழ்நாட்டிலுள்ளார் அதனை மனக்குறையென்று கொண்டு வாளாவிருப்பின், நோயுற்ற முதியவரைக் காணுங் காலம் கழிந்தொழியும். பின்னர்ச் சொற்பொருள் தெளிந்தும் பயனில்லை.

ஆகலின் உழைப்பு, நோய், துயர், மனக்குறை என்னும் நான்கனுள் யாது கருதப்பட்டதென்பதை, நூலாயின் இடம் நோக்கியும், பேச்சாயின் பேசுவாரது நாடு நோக்கியும் துணிக. ஒருவர் வருத்தம் என்றவழி, யாது வருத்தம் என்று வினவியறிந்த பின்னரே ஆறுதல் கூறுதல் முறையாம்.