உஷார்! 60ஐத் தாண்டினால் உதறுகிறதா உங்கள் ஸ்கூட்டர்?

கண்டமங்கலத்திலிருந்து விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். 40இல் ஒழுங்காக ஓடும் வண்டி 60ஐத் தொட்டதும் உதறுகிறதா? வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடுகிறதா? ‘சரி, மெதுவாகவே போவோம்’ என்று விட்டுவிடாதீர்கள். அடங்கியது உதறல்தான். பழுது உள்ளே அப்படியே இருக்கிறது, நாளுக்கு நாள் வளர்கிறது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் விட்டோம். திருபுவனைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் என் தங்கை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: “வேகமா போனா கால் மரத்துப்போவுதுண்ணா.” ஒரு கடையில் காட்டினோம். ஓட்டிக்கூடப் பார்க்காமல், ரோலர் போயிருக்கும் என்று மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு நாள் சரியானதுபோல் இருந்தது. பிறகு பழைய கதைதான். மறுபடி போனோம், இந்த முறை கிளச் ஷூவை மாற்றினார்கள். காசு போனது, உதறல் போகவில்லை.

அடுத்துப் போன இடத்தில் மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “எங்கம்மா ஒதறுது? கைலயா, கால்லயா, உக்கார்ற எடத்துலயா?” என்று கேட்டார். தானே ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இடப்பக்க மூடியைக் கழற்றினார். கரித்தூள்போல் கறுப்புப் பொடி கொட்டியது. பெல்ட்டை எடுத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்துக் காட்டினார். பல்லுக்குப் பல் நடுவே வெடிப்பு வாய் பிளந்தது. ஓரிடத்தில் தொடர்ச்சியாக மூன்று பற்களைக் காணோம். “இதை நம்பியாம்மா ரோட்ல போன?” என்றார். தங்கை வாயடைத்து நின்றாள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் தினமும் அவள் அந்த பெல்ட்டில்தான் போய்வந்திருக்கிறாள்.

வேகத்தில் மட்டும் ஏன் தெரிகிறது?

பழைய இருவழிச் சாலையில் கண்டமங்கலம் ரயில்வே கேட், திருபுவனை, வில்லியனூர் என்று நின்று நின்று போனபோது 60ஐத் தொடுவதே அபூர்வம். நான்கு வழியான பிறகு பத்து வருட வண்டியும் 70இல் போகிறது. அன்று மறைந்திருந்த கோளாறுகள் இன்று வெளியே வருகின்றன.

கணக்கைப் பாருங்கள். 10 அங்குலச் சக்கரமுள்ள ஸ்கூட்டர் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. டயரின் ஒரு பக்கத்தில் 20 கிராம் கனம் கூடியிருந்தாலே, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பாரம் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தைப் பிடித்து இழுப்பதுபோல் ஆகும். 30இல் இந்த இழுப்பு கால் பங்குதான். வேகம் இரண்டு மடங்கானால் உதறும் விசை நான்கு மடங்காகிறது. மெதுவாகப் போகும்போது தெரியாதது இதனால்தான்.

பெல்ட் பெட்டிக்குள் இன்னொரு காரணமும் உண்டு. கியர் இல்லாத ஸ்கூட்டரில் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, நடுவே வி வடிவ பெல்ட். இன்ஜின் வேகம் கூடக்கூட, முன்புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடி, புல்லியின் ஒரு பாதியை மறுபாதியை நோக்கித் தள்ளும். பெல்ட் முன்னால் விளிம்புக்கு ஏறும், பின்னால் ஆழத்துக்கு இறங்கும். இதுவே கியர் மாறுவது. ஆகவே முன்புல்லியின் வெளி விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால், முழு வேகத்தில் பெல்ட் அங்கே ஏறும்போதுதான் அது தெரியும். தெருவுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லுங்கள்.

1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இந்தப் புல்லி, பெல்ட் முறையைக் காரில் வைத்து அறிமுகப்படுத்தியது. நம் நாட்டில் 1984இல் கைனெடிக் ஹோண்டா இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. காஷ்மீரின் குல்மார்க் பனியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் ஸ்னோமொபைலுக்குள்ளும் இதே இரண்டு புல்லியும் பெல்ட்டும்தான். பெல்ட்டால் வரும் உதறல் அங்கே பனியிலும் இங்கே தார் ரோட்டிலும் ஒன்றே.

பாகத்தை மாற்றுமுன் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி, எங்கே உதறுகிறது? ஹேண்டில் பார் ஆடினால் முன்சக்கரம், முன் டயர், கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆகியவற்றைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’கென்று தட்டுகிறதா? கோன்செட் தளர்ந்திருக்கிறது. கால் பலகையும் சீட்டும் உதறினால் கோளாறு பின்பக்கம்: பெல்ட், புல்லி, பின்சக்கரம், அல்லது இன்ஜினைத் தாங்கும் ஹேங்கர் புஷ்.

இரண்டாவது, எப்படி உதறுகிறது? ‘தட தட’வென்று மெதுவாகத் தூக்கிப்போட்டால் சக்கரம். ‘கிர்ர்’ரென்று உள்ளங்கை மரத்துப்போனால் இன்ஜின் பக்கம், அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சீரான துடிப்பு வந்தால் பெல்ட் மேல் சந்தேகப்படுங்கள். கிளம்பும்போது 15, 20இல் மட்டும் குலுங்கி அப்புறம் சரியானால் அது பெரும்பாலும் கிளச் ஷூ; 60இல் வரும் உதறலுக்கு அதை மாற்றிப் பயனில்லை.

மூன்றாவது, எதோடு சேர்ந்து மாறுகிறது? உதறல் லேசாக இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, உதறும் வேகத்தில் ஆக்சிலேட்டரைச் சற்றே விடுங்கள். வேகம் இறங்குமுன்பே உதறல் மாறிவிட்டால் இன்ஜின், பெல்ட் பக்கம். மாறாமல், வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் டயர், ரிம், அச்சு, பேரிங்.

இதோடு வீட்டிலேயே செய்ய ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து, வண்டியை டபுள் ஸ்டாண்டில் போடுங்கள். ஒரு சாக்பீஸைப் பின் டயரை ஒட்டி, கை ஆடாமல் பிடியுங்கள். இன்னொருவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றட்டும். டயருக்கும் சாக்பீஸுக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக இருக்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் உரசிக் கோடு விழுந்தால் அங்கே ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் உப்பியிருக்கிறது. டயர் உப்பியிருந்தால் அன்றே மாற்றுங்கள். அது வெடிக்கக் காத்திருக்கும் டயர். பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் பேரிங்கோ அச்சு நட்டோ தளர்ந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மூடியைத் திறக்கச் சொன்னால் நின்று பாருங்கள்

பெல்ட்டின் அகலத்தை வெர்னியர் வைத்து அளந்து, கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து ‘ஓடும்’ என்பதை ஏற்காதீர்கள். தேய்ந்து மெலிந்த பெல்ட் விளிம்புக்கு ஏறாது: இன்ஜின் கத்தும், வேகம் வராது. அதுவும் ஒரு அடையாளம். பொதுவாக 20,000, 25,000 கிலோமீட்டர் வாக்கில் பெல்ட்டை மாற்றவேண்டிவரும். அரிசி மூட்டையும் ஆள்களுமாகப் பாரம் ஏற்றும் வண்டிக்கு முன்கூட்டியே வரும்.

ரோலர்கள் உருண்டையாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் சீராக ஓடாது. மாற்றினால் முழு செட்டையும் ஒரே எடையில் மாற்றுங்கள். புல்லி முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் பள்ளம். அங்கே கிரீஸ் பட்டால் பெல்ட் வழுக்கும், துடைத்துவிட்டே மாட்டவேண்டும். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில்தான் போடவேண்டும். புல்லி நட்டை உளியும் சுத்தியலும் வைத்து அடித்து முறுக்க விடாதீர்கள், டார்க் ரெஞ்ச் கேளுங்கள். சரியாக முறுக்காத நட்டு ஓட்டத்தில் தளரும். தளர்ந்தால் புல்லி ஆடி, தண்டின் பல்லையே தின்றுவிடும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன! பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் புல்லி துருப்பிடிக்கும். துரு பெல்ட்டை அரம்போல் அராவும். பேரிங் கிரீஸ் கழுவிப்போகும். ஸ்டார்ட் ஆனது, ஓடியது என்று அப்படியே விட்ட வண்டிகள் இன்னும் ரோட்டில் இருக்கின்றன. உங்களுடையது அவற்றில் ஒன்று என்றால் உடனே திறந்து பாருங்கள்.

ஓடும்போதே அறுந்தால்

இன்ஜின் திடீரென்று அலறும், வண்டி இழுக்காது. பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலேட்டரை விட்டு, இண்டிகேட்டர் போட்டு, வண்டி ஓடும் ஓட்டத்திலேயே இடது ஓரம் ஒதுங்குங்கள். சில சமயம் அறுந்த பெல்ட் புல்லியில் சுற்றிக்கொண்டு பின்சக்கரத்தையே பிடித்துவிடும். 70இல் சக்கரம் நின்றால், பின்னால் வரும் கரும்பு லாரி நிற்குமா?

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது “வண்டி ஒரு மாதிரி ஒதறுது” என்று சொன்னால், எங்களைப்போல் இரண்டு மாதம் தள்ளிப்போடாதீர்கள். ‘கைலயா, கால்லயா, உக்கார்ற எடத்துலயா?’ என்று அன்றைக்கே கேளுங்கள். பதில் எதுவானாலும், மறுநாள் காலை அந்த வண்டியை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரு நாள் பஸ்ஸில் போகட்டும்.